கொயர் பிராக்டிஸ்: ரெண்டு மணி நேரமும் நோட் சொல்லிக்கொடுப்பதிலேயே போய்விடுகிறது

டெனர் தட்டுப்பாடு:

எல்லாருக்கும் வணக்கம். தூத்துக்குடி பக்கம் ஒரு சிஎஸ்ஐ சபை. பழைய கொயர் (பாடகர் குழு) மாஸ்டர் பெங்களூருக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். ஜூனிலிருந்து கொயர் என் பொறுப்பு. கீபோர்டு கிரேடு 5 முடித்திருக்கிறேன், சோல்ஃபா (டோ, ரே, மி என்று ஸ்வரத்தை எழுத்தில் எழுதும் முறை) நன்றாகப் படிப்பேன். கண்டக்ட் பண்ண, அதாவது முன்னால் நின்று கையசைத்துப் பாடவைக்க, யாரும் சொல்லித்தந்ததில்லை.

ஆட்கள்: சோப்ரானோ (பெண்களின் மேல்குரல்) 10, ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்) 6, பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) 5, டெனர் (ஆண்களின் மேல்குரல்) 3. சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை முதல் எட்டரை வரை கோயிலில் பிராக்டிஸ். ஆறரை என்பது பேச்சுக்கு. ஏழு மணிக்குத்தான் பாதிப் பேர் வருவார்கள்.

என் பிரச்சினை இதுதான். பேஸ்க்கு ஒரு வரி சொல்லிக்கொடுக்கிறேன், அதுவரை சோப்ரானோ பக்கம் கல்யாணப் பேச்சு ஓடுகிறது. அப்புறம் டெனர், அப்புறம் ஆல்ட்டோ. நாலும் சேரும்போது மணி எட்டு. அடுத்த வாரம் வந்தால் பாதி மறந்திருக்கிறது. இசை என்று ஒன்றைச் சொல்லிக்கொடுக்க நேரமே கிடைப்பதில்லை. கீபோர்டை நிறுத்தினால் கடைசி சரணத்துக்குள் பிட்ச் (சுருதி) அரை ஸ்வரம் இறங்கிவிடுகிறது.

பேஸில் இருக்கும் அங்கிள்மார் ரெண்டு பேர் எனக்கு ஞாயிறு பள்ளி நடத்தியவர்கள். தப்புப் பாடினால் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் "இன்னொரு தடவை பாடலாமா" என்று மட்டும் சொல்கிறேன். அவர்களும் அதே தப்பை இன்னொரு தடவை பாடுகிறார்கள்.

டிசம்பர் கேரல் ஆராதனைக்கு பாமாலைப் (தமிழ்ச் சபைப் பாட்டுப் புத்தகம்) பாட்டு மூணு, ஒரு இங்கிலீஷ் கேரல், அதோடு அல்லேலூயா கோரஸும் வேண்டும் என்று சபைப் போதகர் ஐயர் சொல்லிவிட்டார். யூடியூபில் பார்த்தால் எல்லாரும் கை ஆட்டுவதைத்தான் சொல்லித்தருகிறார்கள். பிராக்டிஸை நடத்துவது எப்படி, அதற்கு நான் என்னைத் தயார் பண்ணிக்கொள்வது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பின்வரிசை பேஸ்:

மகளே, பாளையங்கோட்டைப் பக்கம் பல வருஷம் கொயர் நடத்தினேன். இப்போது வேறொரு பையன் நடத்தும் கொயரில் பின்வரிசையில் நின்று பேஸ் பாடுகிறேன். அந்த இடத்திலிருந்து பார்த்தால் கண்டக்டர் வீட்டுப்பாடம் செய்துவிட்டு வந்திருக்கிறாரா இல்லையா என்பது முதல் அஞ்சு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

ஐயரிடம் சொல்ல வேண்டாம், ஆனால் அல்லேலூயா கோரஸ் கிறிஸ்துமஸ் பாட்டே இல்லை. இசையமைப்பாளர் ஹேண்டல் 1741-ல் எழுதிய மேசியா என்ற பெரிய இசைப்படைப்பில் அது இரண்டாம் பாகத்தின் முடிவு. பாடுகளும் உயிர்த்தெழுதலும் எல்லாம் ஆன பிறகு வருவது. 1742-ல் டப்ளினில் முதல்முறை பாடியதும் ஏப்ரலில்தான். நம் ஊரில் டிசம்பருக்கு என்று ஆகிவிட்டது, ஆகட்டும். அதையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

உங்கள் பிராக்டிஸ் சனிக்கிழமை கிடையாது. செவ்வாய், புதன் ராத்திரியில் வீட்டில். பாட்டை ஒரு ஜெராக்ஸ் எடுத்து பென்சிலோடு உட்காருங்கள். நாலு பார்ட்டையும் முதலிலிருந்து கடைசி வரை சோல்ஃபாவில் நீங்களே வாயால் பாடுங்கள். பேஸை ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே பாடினால் போதும். அடுத்து சோப்ரானோவைக் கீபோர்டில் வாசித்துக்கொண்டே பேஸைப் பாடுங்கள். அப்புறம் ஆல்ட்டோவை வாசித்து டெனரைப் பாடுங்கள். இது கஷ்டம், அதனால்தான் யாரும் செய்வதில்லை. நீங்கள் எங்கே தடுமாறுகிறீர்களோ அங்கே அவர்களும் தடுமாறுவார்கள். அங்கே ஒரு வட்டம் போடுங்கள். மூச்சு எங்கே என்று எல்லாப் பார்ட்டிலும் குறியுங்கள். இல்லையென்றால் 24 பேரும் 24 இடத்தில் மூச்சு விடுவார்கள்.

முக்கியமான இன்னொரு குறிப்பு. ஒவ்வொரு பார்ட்டும் ஓய்வுக்குப் பிறகு உள்ளே நுழையும்போது முதல் நோட்டை யாரிடமிருந்து எடுக்கும் என்று பாருங்கள். டெனர் நுழையும் நோட்டைப் பல இடங்களில் அதற்கு முந்தின தாள அடியில் ஆல்ட்டோவோ பேஸோ பாடியிருப்பார்கள். "ஆல்ட்டோ விட்ட நோட்டை நீங்கள் எடுக்கிறீர்கள்" என்று ஒரு வரி சொன்னால் போதும், கீபோர்டில் பத்துத் தடவை தட்ட வேண்டாம்.

இப்போது கல்யாணப் பேச்சுக்கு வருவோம். ஒரு பார்ட்டுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மற்ற மூணு பார்ட்டும் சும்மா இருந்தால் பேசத்தான் செய்வார்கள், அது அவர்கள் தப்பில்லை. அல்லேலூயாவில் இதற்கு வழி பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. "ஃபார் த லார்ட் காட் ஆம்னிபோடன்ட் ரெய்னெத்" என்பதை முதலில் எல்லாரும் ஒரே மெட்டில் பாடுகிறார்கள். கொஞ்சம் தள்ளி அதே மெட்டை சோப்ரானோ எடுக்க மற்றவர்கள் அல்லேலூயா சொல்வார்கள். பிறகு அது கீழ்க்குரல்களுக்குப் போகும். ஆக அந்த மெட்டை ஒரே தடவை எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் அந்தப் பக்கத்தில் பெரும்பகுதி முடிந்தது. "அண்ட் ஹீ ஷால் ரெய்ன்" அதே மாதிரிதான். பேஸ் ஆரம்பிக்க, டெனர், ஆல்ட்டோ, சோப்ரானோ என்று வரிசையாக ஏறி வரும். எல்லாரையும் பேஸ் வரியைப் பாடவையுங்கள், பெண்கள் ஒரு ஆக்டேவ் மேலே. அப்புறம் அவரவர் நுழைய வேண்டிய இடத்தைக் காட்டுங்கள். பாமாலைப் பாட்டிலும் டெனருக்குச் சொல்லும்போது மற்றவர்களை அவர்கள் பார்ட்டை மெதுவாக ஹம் பண்ணச் சொல்லுங்கள். கோயில் அமைதியாகிவிடும்.

அடுத்தது "இன்னொரு தடவை." காரணம் சொல்லாமல் இன்னொரு தடவை பாடவைத்தால் தப்பு நன்றாக மனப்பாடம் ஆகும். நிறுத்தினால் ஒரே ஒரு காரணத்துக்காக நிறுத்துங்கள். முதலில் இடத்தைச் சொல்லுங்கள், அப்புறம் யார், அப்புறம் என்ன. "மூணாம் பக்கம், ரெண்டாவது வரி, கடைசி பார் (தாளக் கட்டம்). பேஸ். அது ஃபா, நாம் சோ பாடுகிறோம்." அவ்வளவுதான். சொன்ன உடனே பாடவையுங்கள், விளக்கவுரை வேண்டாம். ஆரம்பிக்கும்போது தப்பு வரும் பாருக்கு ரெண்டு அடி முன்னாலிருந்து ஆரம்பியுங்கள். தப்பு பெரும்பாலும் அந்த நோட்டில் இருக்காது, அந்த நோட்டுக்குப் போகிற வழியில் இருக்கும்.

ஞாயிறு பள்ளி அங்கிள்மாருக்கும் இதே மருந்து. நீங்கள் ஆளைத் திருத்தவில்லை, காகிதத்தில் என்ன இருக்கிறது என்று காட்டுகிறீர்கள். "அங்கிள், பேப்பர்ல ஃபா போட்டிருக்கு" என்றால் யாருக்கும் கோபம் வராது. "பேஸ் சரியில்லை" என்றால் எனக்கே கோபம் வரும். அடுத்த தடவை சரியாக வந்ததும் தலையை ஆட்டிவிட்டுப் பாட்டைத் தொடருங்கள். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் நாங்கள் சனிக்கிழமை வருகிறோம்.

நேரத்தைப் பற்றி. ஆறரைக்கு மூணு பேர் இருந்தாலும் தொடங்குங்கள். முதல் பத்து நிமிஷம் உடம்பு, மூச்சு, ஹம்மிங். அந்த நேரத்திலேயே அன்றைக்குப் பாடப்போகும் கஷ்டமான இடத்தை ஒளித்துவையுங்கள். அல்லேலூயாவின் ஒரு தாவலை எடுத்து "மா மா மா" என்று அரை அரை ஸ்வரமாக ஏற்றிப் பாடவைத்தால், பாட்டில் அது வரும்போது தொண்டைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். புதுசும் கஷ்டமும் ஏழு மணியிலிருந்து ஏழேகால், ஏழரை வரை, ஆட்கள் வந்து சேர்ந்து களைப்பு வராத நேரத்தில். கடைசிப் பத்து நிமிஷம் தெரிந்த பாட்டு ஒன்றை நிறுத்தாமல் முழுசாகப் பாடி அனுப்புங்கள்.

பிட்ச் இறங்குவதற்குக் காரணம் ஒன்றல்ல. இறங்கும் ஸ்வரங்களைக் கொயர் எப்போதும் கொஞ்சம் அதிகமாக இறங்கும், ஏறும் ஸ்வரங்களைக் கொஞ்சம் குறைவாக ஏறும். ஒரே நோட்டைத் திரும்பத் திரும்பப் பாடும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை சரியும். சாய்ந்து உட்கார்ந்து பாடினால் இன்னும் மோசம். டோவிலிருந்து டீ, ஃபாவிலிருந்து மி, இந்த ரெண்டு இறக்கமும் சின்னது என்று ஞாபகப்படுத்துங்கள். மெதுவான சத்தத்தில், பேஸைக் கேட்டுக்கொண்டே பாடச் சொல்லுங்கள். சில நாள் என்ன செய்தாலும் இறங்கும். அன்றைக்குக் கீபோர்டில் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனில் அரை ஸ்வரம் ஏற்றிப் பாருங்கள், புதுச் சுருதியில் பல கொயர்கள் அப்படியே நிற்கும். ஏன் என்று கேட்காதீர்கள், நிற்கும்.

---

மயிலாப்பூர் பாரிட்டோன்:

நான் கோயில் கொயர் இல்லை. சென்னையில் எம்.பி. சீனிவாசன் 1970களில் தொடங்கிய சேர்ந்திசை மரபைக் கேட்டு வளர்ந்தவன். பாரதி பாட்டுகளைப் பல குரலில் பாடுகிற சின்னக் குழு ஒன்றில் இருக்கிறேன். ரெண்டு விஷயம்.

ஒன்று, நீண்ட நோட்டுகள். அல்லேலூயாவில் "கிங் ஆஃப் கிங்ஸ்" என்று சோப்ரானோ நீட்டிக்கொண்டே படிப்படியாக ஏறும் இடத்தில் எண்ணிக்கை தவறும், பிட்சும் தொங்கும். அமெரிக்கக் கண்டக்டர் ராபர்ட் ஷா வார்த்தைகளை எடுத்துவிட்டு "ஒன் அண்ட் டூ அண்ட் டீ அண்ட் ஃபோர் அண்ட்" என்று எண்களையே நோட்டில் பாடவைப்பார். த்ரீ என்றால் நாக்கு தாமதமாகும் என்பதற்காக டீ. நமக்கு அதைவிட நல்ல சாமான் வீட்டிலேயே இருக்கிறது. நாலு அடிப் பாட்டுக்கு "தகதிமி தகஜுணு", ஒவ்வொரு அடிக்கும் ரெண்டு எழுத்து. 6/8 கேரலுக்கு "தகிட தகிட". நீட்டுகிற நோட்டையும் இதே சொற்களில் அந்தந்த ஸ்வரத்தில் பாடவேண்டும். ஒரு அடி தவறினாலும் உடனே காது கண்டுபிடித்துவிடும். மெதுவாக, ரகசியம் பேசுகிற சத்தத்தில் செய்யுங்கள்.

ரெண்டு, ஒவ்வொரு பார்ட்டையும் பாடி ரெக்கார்டு பண்ணி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள். வாரம் முழுக்கக் கேட்டுவிட்டு வருவார்கள், சனிக்கிழமை நோட் சொல்லிக்கொடுக்கும் வேலையே இருக்காது.

---

பின்வரிசை பேஸ்:

தகதிமி பிரமாதம். இந்த வாரமே எங்கள் பையனிடம் சொல்கிறேன்.

வாட்ஸ்அப் விஷயத்தில் எனக்குப் பாதிச் சம்மதம். மறதிக்கு அது நல்லது. ஆனால் தன் பார்ட்டை மட்டும் காதில் போட்டுக்கொண்டு வருகிறவர் பக்கத்து ஆளைக் கேட்கமாட்டார், ரெக்கார்டிங்கோடு பாடுவதுபோலவே பாடுவார். சோல்ஃபா படிக்கிற பழக்கமும் போய்விடும். நார்விச்சில் சாரா குளோவர் தொடங்கி ஜான் கர்வன் பரப்பிய முறை அது. ஸ்டாஃப் நோட்டேஷன் (அஞ்சு கோட்டில் ஸ்வரம் எழுதும் முறை) தெரியாதவர்கள் பாடவேண்டும் என்பதற்காகவே வந்தது. கிராமத்துச் சபைகளில் நாலு பார்ட் நின்றதே அதை வைத்துத்தான். அதை விட்டுவிட்டால் மறுபடி பிடிக்க முடியாது. போடுவதென்றால் முதல் பிராக்டிஸுக்குப் பிறகு போடுங்கள், முன்னால் வேண்டாம். கீபோர்டு சத்தமாகப் போடாமல் வாயால் பாடிப் போடுங்கள், மூச்சு எங்கே என்பதும் அதில் வரும்.

---

டெனர் தட்டுப்பாடு:

நன்றி அங்கிள், நன்றி சார். எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். இன்னும் ரெண்டு சந்தேகம்.

கை விஷயம். இப்போது நான் கீபோர்டு வாசித்துக்கொண்டே தலையை ஆட்டிக் கண்டக்ட் பண்ணுகிறேன். ஞாயிறு பள்ளியில் கிரேடு 4 முடித்த ஒரு பிள்ளை இருக்கிறாள், அவளை வாசிக்கவைத்துவிட்டு நான் முன்னால் நிற்கலாமா? நின்றால் ரெண்டு கையையும் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆரம்பிக்கும்போது "ஒன் டூ த்ரீ" என்று வாயால் சொன்னால்தான் சேர்ந்து தொடங்குகிறார்கள்.

அப்புறம் தமிழ் வார்த்தை. இங்கிலீஷ் கேரல் தெளிவாக இருக்கிறது. பாமாலைப் பாட்டு மட்டும் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. நம் மொழியே நமக்குச் சரியாக வரவில்லையே என்று வெட்கமாக இருக்கிறது.

---

பின்வரிசை பேஸ்:

அந்தப் பிள்ளையைக் கட்டாயம் உட்காரவையுங்கள். கீபோர்டுக்குப் பின்னால் இருக்கிற வரை உங்கள் காது பாதி கீபோர்டில்தான் இருக்கும். அவளும் முழு நேரமும் வாசிக்க வேண்டாம், தொடக்க நோட்டைக் கொடுத்துவிட்டு நிறுத்தட்டும்.

கைக்கு வருவோம். நாலு அடி என்றால் கீழே, இடது, வலது, மேலே. வலது கை அது ஒன்றைச் செய்தால் போதும். இடது கை அதையே கண்ணாடிபோல் செய்ய வேண்டியதில்லை. சும்மா பக்கத்தில் தொங்கட்டும், யாரையாவது உள்ளே அழைக்கவும், நீட்டவும், குறைக்கவும், முடிக்கவும் மட்டும் எழும்பட்டும். சிறிய கொயருக்குக் குச்சி வேண்டாம்.

தொடக்கம்தான் உயிர். பாட்டு தொடங்குவதற்கு முந்தின ஒரே அடியில் வேகம், சத்தம், மூச்சு மூணும் இருக்கவேண்டும். அந்த அடியில் நீங்கள் வாயைத் திறந்து மூச்சை இழுங்கள், கொயர் கூடவே இழுக்கும், அடுத்த அடியில் குரல் வரும். இதைப் பழக ஒரு வழி. போனைச் சுவரில் சாய்த்து வைத்து, சத்தமே இல்லாமல் பாட்டைக் கண்டக்ட் பண்ணி வீடியோ எடுங்கள். மறுநாள் அந்த வீடியோவைப் பார்த்து நீங்களே பாடுங்கள். எங்கே தொடங்குவது என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால் பேஸ் அங்கிளுக்கு எப்படித் தெரியும்? சரியாக வருகிறவரை எடுத்துப் பாருங்கள். "ஒன் டூ த்ரீ" தானாக நின்றுவிடும்.

அல்லேலூயாவில் கடைசி அல்லேலூயாவுக்கு முன்னால் ஒரு முழு நிசப்தம் வரும். அந்த இடத்தில் உங்கள் கை ஒரு துளி அசைந்தாலும் யாராவது ஒருவர் உள்ளே குதிப்பார். எல்லா ஊரிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். அதனால் அந்த ஓய்வையும் தனியாகப் பிராக்டிஸ் பண்ணுங்கள். அதற்கு முந்தின அல்லேலூயாவைப் பாடி, நின்று, கையைப் பார்த்து, கடைசியைத் தொடங்குவது. இந்தத் துண்டை மட்டும் தனியாக.

தமிழுக்கு மூணு விஷயம் பார்க்கவேண்டும். பாமாலையில் பலதும் வெளிநாட்டு மெட்டில் உட்காரவைத்த வார்த்தைகள். "மகிமை" என்பதில் "ம" ஒரு நீண்ட நோட்டில் வந்தால் கொயர் "மாகிமை" என்று பாடும். நோட்டைக் குறைக்க முடியாது. வாயை "ஆ"வுக்குத் திறக்காமல் "அ"விலேயே வைத்து, அழுத்தம் கொடுக்காமல் நீட்டச் சொல்லுங்கள். அப்புறம் "அன்பு", "பாட்டு" மாதிரி முடிவுகள். பேசும்போது நாம் அந்த "உ"வுக்கு உதட்டைக் குவிப்பதில்லை. பாடும்போது பாதிப் பேர் "அன்பூ" என்று குவிப்பார்கள், பாதிப் பேர் பேச்சுபோல் விட்டுவிடுவார்கள். அங்கேதான் கொழகொழ. நான் எப்போதும் உதட்டைக் குவிக்காமல் பாடவைத்தேன். நீங்கள் எதை வேண்டுமானாலும் முடிவு பண்ணுங்கள், ஆனால் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். மூணாவது, "தேவன்", "இயேசுவின்" என்று "ன்"னில் முடிகிற வார்த்தை. நோட்டு ரெண்டு அடி என்றால் சிலர் முதல் அடியிலேயே நாக்கை மேலே ஒட்டிவிடுவார்கள், பாட்டு மூக்குக்குள் போய்விடும். உயிரெழுத்தைக் கடைசி வரை பிடித்து, உங்கள் இடது கை விரல்கள் சேரும்போது மட்டும் "ன்" வரட்டும்.

இதையெல்லாம் பழக நல்ல வழி, ஸ்வரம் இல்லாமல் பாட்டின் தாளத்தில் வார்த்தைகளைச் சேர்ந்து வாசிப்பது. ஒரு சரணத்துக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

---

ஆல்ட்டோ அக்கா:

எல்லாரும் கண்டக்டர் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். பாடுகிறவள் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன் தங்கச்சி.

எட்டரை என்றால் எட்டரைக்கு விடுங்கள். எங்களுக்குக் கடைசி பஸ் இருக்கிறது, வீட்டில் மாவு கரைக்காமல் வந்திருப்போம். எட்டு நாற்பது வரை இழுக்கும் பிராக்டிஸில் கடைசிப் பத்து நிமிஷம் யாரும் பாட்டில் இல்லை. இன்றைக்கு எந்தப் பாட்டு, எந்த வரிசையில் என்று ஒரு துண்டுப் பேப்பரில் எழுதி முன்னால் ஒட்டிவிட்டால் ஷீட் தேடுகிற நேரம் மிச்சம். பென்சிலும் நீங்களே ஒரு டப்பாவில் வையுங்கள். நாங்கள் கொண்டுவர மாட்டோம், சொல்லிப் பயனில்லை.

ஆல்ட்டோவுக்கு எப்போதும் ஒரே நோட்டில் "சோ சோ சோ சோ" என்றுதான் வரும். சில சமயம் எங்களுக்கு மெட்டைப் பாடக் கொடுங்கள், சோப்ரானோவை எங்கள் வரியைப் பாடச் சொல்லுங்கள். நாங்கள் எதைத் தாங்கி நிற்கிறோம் என்று அப்போதுதான் அவர்களுக்குப் புரியும். பிட்சும் கொஞ்சம் நிற்கிறது, எங்கள் கொயரில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, நீங்கள் எங்களோடு சேர்ந்து பாடாதீர்கள். எங்கள் பழைய மாஸ்டர் சோப்ரானோ வரியை உரக்கப் பாடிக்கொண்டே கண்டக்ட் பண்ணுவார். அவருக்கு எல்லாம் நன்றாகக் கேட்கும், அவர் குரல்தான் கேட்கும்.

---

டெனர் தட்டுப்பாடு:

அக்கா, பென்சில் டப்பா நாளைக்கே வாங்குகிறேன். கடைசியாக ஒன்று. என் பெயரிலேயே இருக்கிற பிரச்சினை. டெனர் மூணே பேர். அதில் ஒருவர் ஷிப்ட் வேலை, பாதிச் சனிக்கிழமை வரமாட்டார். எங்கே நிறுத்துவது, எப்படிக் கேட்கவைப்பது?

---

பின்வரிசை பேஸ்:

மூணு பேரையும் முன்வரிசையில் நடுவில் நிறுத்துங்கள். பின்னால் நிறுத்தினால் பத்து சோப்ரானோவின் முதுகில் குரல் முட்டிப் போய்விடும். பேஸ் பின்னால், சோப்ரானோவுக்கு நேர் பின்னால் இருந்தால் நல்லது. மேல் குரலும் அடிக்குரலும் ஒன்றையொன்று கேட்டால் நடுவில் இருப்பவர்களுக்குப் பாதி வேலை குறையும். டெனரில் நோட்டை உறுதியாகப் பிடிக்கிறவர் யாரோ அவரை மற்ற ரெண்டு பேருக்கு நடுவில் நிறுத்துங்கள். டெனரைச் சத்தமாகப் பாடச் சொல்லாதீர்கள், கத்துவார்கள். மற்றவர்களைக் குறையுங்கள். அப்படியும் போதாவிட்டால் ஆல்ட்டோவில் கீழ்க்குரல் உள்ள ரெண்டு பேரை டெனர் வரியைப் பாடவையுங்கள், பல சபைகளில் நடப்பதுதான்.

---

ஆல்ட்டோ அக்கா:

அங்கிள், இருக்கிறதே ஆறு ஆல்ட்டோ. அதில் ரெண்டைத் தூக்கினால் நாலு. முதலில் அந்தப் பத்து சோப்ரானோவில் மேலே போக முடியாமல் வாயசைத்துக்கொண்டு நிற்கிற மூணு பேரைக் கண்டுபிடித்து ஆல்ட்டோவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதன் பிறகு டெனருக்கு ஆள் தருகிறோம்.